ஈய எழுத்தை வார்த்த கை

அந்தியூரில் எம் இறைமக்களுள் முதியவர் ஒருவர் இருக்கிறார். அச்சுக்கோப்பவராகவே தம் வாழ்நாளைக் கழித்தவர். குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தைக்கான துண்டறிக்கை முதல் திருமண அழைப்பிதழ் வரை அவர் விரல் கோத்தவை பல. கணிப்பொறி வந்தபின் அவர் பணிபுரிந்த அச்சகம் மூடப்பட்டது. மிஞ்சிய ஈய எழுத்துகள் சிலவற்றை ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறார்.

ஒரு மாலை அதனை என்னிடம் காட்டி, "சாமி, தமிழில் இதை முதலில் பண்ணினவர் யாருங்க?" என்றார்.

"அண்டிரிக் அடிகளார்" என்றேன், சற்றே பெருமிதத்துடன். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பற்றிக் குருமடத்தில் படித்தது நினைவிலிருந்தது.

"அவர் புத்தகம் ஆக்கினவருங்க. எழுத்தை வார்த்தது யாருங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. நூலாசிரியரை அறிந்திருந்த நான் தொழிலாளியைக் கேட்டறிய ஒருபோதும் முயன்றதில்லை. வெட்கத்தோடுதான் நூல்களைப் புரட்டினேன்.

அவர் பெயர் யுவான் கொன்சால்வசு. ஸ்பெயின் நாட்டவர், இயேசு சபைத் துறவறச் சகோதரர், குரு அல்லர். 1577இல் கோவாவில் அவர் தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் வேறு எழுத்துகள் வார்க்கப்பட்டன. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலின் இறுதிப் பக்கத்தில் இரு வகை எழுத்துகளும் அச்சாகியுள்ளன. அச்சுப்பொறி வந்த கதையும் வியப்புக்குரியதே: எத்தியோப்பியாவுக்கென அனுப்பப்பட்ட அது 1556இல் கோவாவிலேயே தங்கிவிட்டது. அதனை இயக்கியவரும் வலென்சியா நகரத்து ஸ்பானியரான யுவான் தெ புஸ்தமந்தே.

ஸ்பெயின் என்றவுடன் நாம் நவார் நாட்டுச் சவேரியாரை நினைக்கிறோம், அது முறையே. நம் காலத்தவர் என்றால், பார்சிலோனாவில் பிறந்து, 1968இல் நாட்டைவிட்டு வெளியேறப் பணிக்கப்பட்டும் திரும்பி வந்து, அனந்தப்பூரின் வறண்ட நிலத்து ஏழைகளிடையே உழைத்து 2009இல் அங்கேயே உயிர்நீத்த வின்சென்ட் பெரரையும் நினைக்கலாம். ஆயினும் என் மனம் அந்தச் சகோதரரிடமே நின்றது. ஓலையில் கீறுவதற்கென வளைந்த எழுத்துகளை, புள்ளி இடாத வழக்கில், அயல்நாட்டான் ஒருவன் இடவலம் மாற்றி உலோகத்தில் செதுக்க வேண்டும். ஒரு வளைவு பிசகினால் சொல்லே பிசகும். (அச்சுப் பிழை கண்டு நான் எத்தனை முறை சினந்திருக்கிறேன்!) பரதவ மக்களும் தம் உழைப்பின் பொருளை அப்பணிக்கு ஈந்தனர்.

இவற்றையெல்லாம் முதியவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு டப்பாவிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "குருவானவர் இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகளுக்கான திருப்பலிக்கு வீடுதோறும் பெயர்ப் பட்டியல் வந்தது. அவர் கொடுத்த தாளில் தம் பெற்றோர், மனைவி பெயர்களுக்குக் கீழே, அச்சுக்கோத்தாற்போன்ற சீரான கையெழுத்தில், 'சகோ. யுவான் கொன்சால்வசு' என்றிருந்தது. பீடத்திலிருந்து அதனை வாசித்தபோது, இது எந்த வீட்டுப் பெயரென்று மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.