போதும் போதாததுமாக

தமிழில் மிக அதிகமாக உழைக்கும் சொல் எது என்று கேட்டால், "பரவாயில்லை" என்றுதான் நான் சொல்வேன். மாப்பிள்ளை எப்படி? பரவாயில்லை. ஊரில் மழை எப்படி? பரவாயில்லை. புதிதாக வந்திருக்கும் அந்த நாவல் எப்படி? பரவாயில்லை. (கடைசியாகச் சொன்ன பரவாயில்லையின் முழுப் பொருளும் நாவல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே விளங்கும்.) ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவே ஒரு திண்ணையைப் போட்டுக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்துவிடுகிற சொல் அது.

இந்தத் திண்ணைக்கென்று ஒரு கணித சாஸ்திரமே இருக்கிறது. அதை 1965-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டவர் லோட்ஃபி ஸாதே. பாக்கு நகரில் பிறந்து, ஈரானில் வளர்ந்து, அமெரிக்காவில் பெர்க்கிலி சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். அதற்கு அவர் வைத்த பெயர் ஃபஸ்ஸி. மங்கலானது, ஓரம் தெளியாதது என்று பொருள் கொள்ளலாம். "உயரமானவர்கள்" என்று ஒரு கூட்டம் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்காரரை உள்ளே விட்டு, ஐந்தடி பதினோரு அங்குலக்காரரை வாசலில் நிறுத்திவிட்டால் நியாயமா? பழைய தர்க்கம் அப்படித்தான் செய்யும். ஸாதேயின் தர்க்கத்தில் பின்னவரும் முக்காலே மூன்று வீசம் உள்ளே இருக்கலாம். வீசம் வரைக்கும் வாய்ப்பாடு வைத்திருந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால், ஒன்றும் பூஜ்யமும் தவிர வேறொன்றும் அறியாத யந்திரங்களுக்கு அது பெரிய ஞானோபதேசம்.

ஒன்றை மட்டும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மழை வருமா, வராதா என்பது சந்தேகம். அது வேறு கணக்கு. பெய்து முடிந்த மழை போதுமா, போதாதா என்பதில் சந்தேகம் ஒன்றுமில்லை, அளவுதான் இருக்கிறது. ஸாதேயின் கணக்கு இந்த இரண்டாவதற்கு.

தான்சானியாவில் பிறந்து, புனேயில் இன்ஜினீயரிங் படித்த இப்ராஹிம் மம்தானி என்பவர், லண்டன் குயின் மேரி கல்லூரியில் 1970-களில் ஒரு சிறிய நீராவி யந்திரத்தை இந்தத் தர்க்கத்தால் ஓட்டிக் காட்டினார். "அழுத்தம் கொஞ்சம் கூடுதல், மெல்ல ஏறுகிறது என்றால் சூட்டைச் சற்றே குறை" என்பது போன்ற விதிகள்தான். அனுபவமுள்ள டிரைவர் தம் உதவியாளுக்குச் சொல்கிற பாஷை. 1987-ல் ஜப்பானில் செண்டாய் நகரத்துச் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்தபோது, வேகத்தையும் நிறுத்தத்தையும் இந்தத் தர்க்கமே கவனித்துக்கொண்டது. அப்புறம் அது துணி துவைக்கும் யந்திரத்தின் மூடியிலே எழுத்தாக ஒட்டிக்கொண்டு நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. என்னவென்று தெரியாமலே நாம் கூட நூறு ரூபாய் கொடுத்து வாங்கினோம்.

என் சகோதரியின் மகன் இந்த வித்தையைப் படித்தவன். மலைக்காட்டில் எந்தத் துண்டு நிலத்தில் எதை விதைப்பது என்று விவசாயிக்கு யோசனை சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் திட்டத்தை அவன் தயாரித்துக்கொண்டிருந்தான். அதற்காகக் கொல்லிமலைக்குப் புறப்பட்டவன், "மாமா, நீங்களும் வாருங்கள்" என்றான். காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதுக்கு மேல் எண்ணுவதை என் வயிறு விரும்பவில்லை.

செம்மேட்டைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில், எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். அவர்கள் மலையாளிகள். கேரளத்தாரைச் சொல்லவில்லை. கொல்லிமலை, சேர்வராயன் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பழங்குடிகளுக்கு அந்தப் பெயர். மருமகன் கையில் கேள்விகள் தயாராக இருந்தன. மாதம் ஆனி.

"ஆயா, வைகாசி மழை போதுமா, போதாதா?"

"போதும் போதாததுமா இருக்கு சாமி."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க ஆயா."

"சாமைக்குப் போதும். நெல்லுக்குப் பத்தாது. எந்த மண்ணுன்னு கேக்காம மழைய மட்டும் கேட்டா நான் என்ன சொல்றது?"

எழுந்துபோய் வீட்டுக்கு மேற்கே இருந்த மேட்டுக்காட்டில் ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கைக்குள் வைத்து அழுத்தினாள். உருண்டை பிடித்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள். உடைந்து சிதறியது. "பாத்தியா? பிடிக்கவும் பிடிக்குது, உடையவும் உடையுது. இது விதைக்கிற பதம். உடையாம அப்படியே கெடந்தா இன்னும் ரெண்டு நாள் பொறுக்கணும். பிடிக்கவே இல்லைன்னா கெழக்கப் பாத்துக் கும்பிட வேண்டியதுதான்."

மருமகனுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மம்தானியின் நீராவி யந்திரத்துக்குரிய விதியை ஒரு பிடி மண்ணில் கண்டுவிட்டான். பதம் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் கணித பாஷையில் சொல்ல ஸாதே அத்தனை பக்கம் எழுதினார் என்று எனக்குத் தோன்றியது. பாகுக்குப் பதம், சோற்றுக்குப் பதம், மண்ணுக்குப் பதம். இதையெல்லாம் நம் பெண்கள் ஆம்-இல்லை என்ற தர்க்கத்தில் செய்திருந்தால் ஒரு வீட்டிலும் மைசூர்பாகு உருப்பட்டிருக்காது.

அந்த வீட்டுக்குப் பெரியதும் சிறியதுமாகப் பன்னிரண்டு துண்டு நிலம். சரிவில் சில, பள்ளத்தில் சில. ஒவ்வொன்றிலும் ஆறு பயிர்களில் ஏதாவது ஒன்றை வைக்கலாம் என்றால், எத்தனை விதமாக வைக்கலாம்? எழுபது எண்பது இருக்கும் என்று நினைத்தேன். 217 கோடிக்கு மேல் என்றான் மருமகன். இத்தனை கோடியையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்காமல் நல்லதைத் தேடிப் பிடிக்கத்தான் இரண்டாவது வித்தை, ஜெனடிக் அல்காரிதம். மிஷிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் ஹாலண்ட் 1975-ல் ஒரு புத்தகமாக எழுதி அதை நிலைநாட்டினார். யோசனையை அவர் இரவல் வாங்கியது உயிரினங்களிடமிருந்து.

குருட்டுப் போக்கில் நூறு பயிர்த் திட்டங்களை யந்திரம் முதலில் எழுதிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் மார்க் போடும். நல்ல மார்க் வாங்கியவற்றை ஜோடி சேர்த்து, ஒன்றின் முதல் ஐந்து துண்டுகளையும் மற்றதன் கடைசி ஏழு துண்டுகளையும் ஒட்டிப் பிள்ளைத் திட்டம் உண்டாக்கும். அபூர்வமாக எங்கேயாவது ஒரு பயிரைக் காரணமில்லாமலே மாற்றிவைக்கும். மறுபடி மார்க், மறுபடி கல்யாணம். நாம் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முந்நூறு தலைமுறை பிறந்து மறைந்துவிடும்.

யந்திரத்தைத் தட்டினான். வருஷக் கடைசியில் கையில் நிற்கும் ரொக்கத்தைக் கொண்டு மார்க் போடச் சொல்லியிருந்தான். பள்ளத்து நெல்லைத் தவிர எல்லாத் துண்டிலும் மரவள்ளி என்று பதில் வந்தது. ஆயாவுக்குப் படித்துக் காட்டினோம்.

"இதத்தான் எம் மவனும் சொல்றான். இதுக்கு மிசின் எதுக்கு சாமி?"

மகன் சொல்வதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மரவள்ளிக்கு அடிவாரத்தில் சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் காத்திருக்கின்றன. பணம் ஒரே தொகையாகக் கைக்கு வருகிறது. சாமைக்கு அப்படி யார் இருந்தார்கள்? ரேஷன் கடையில் அரிசி கிடைக்கும்போது, உரலில் சாமையைக் குத்திக் குத்தித் தோள் தேய்ந்த பெண்களே அதை முதலில் கைவிட்டார்கள் என்றால் அவர்களை யார் குறை சொல்வது? சர்க்கரை வியாதிக்காரர்களாகிய நகரவாசிகள் சாமையின் பெருமையைப் பேச ஆரம்பித்தது பிற்காலத்தில். 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தார், அதற்கெல்லாம் வெகு முன்பே, 1990-களில், இந்த மலைக்கு வந்து வேலை செய்தார்கள். கிராமத்திலேயே விதை சேமிப்பு, ரகங்களை அருகருகே விதைத்து விவசாயிகளையே தேர்ந்தெடுக்கச் செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாமையின் உமியை நீக்கச் சிறு யந்திரங்கள். என் அபிப்பிராயத்தில், பத்துப் பிரசங்கத்தைவிட அந்த உமி நீக்கும் யந்திரம் ஒன்று அதிகம் செய்திருக்கும்.

சாமை என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆயா வரிசையாகச் சொன்னாள்: சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை, திரிகுலாச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. சடஞ்சாமை சீக்கிரம் விளையும். பெருஞ்சாமை நிதானமாக நின்று விளையும். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் ஒன்று. அவளிடம் இப்போது இருப்பவை இரண்டே இரண்டு, பானையில் சாம்பல் கலந்து வைத்திருந்தாள். ஒவ்வோர் அறுவடையிலும் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே எடுத்துவைப்பது அவள் வழக்கம். ஹாலண்டின் யந்திரம் செய்வதும் இதுதானே என்றேன். மருமகன் தலையை ஆட்டினான். ஆனால், அவன் வித்தையில் உள்ள ஒரு தொல்லையையும் அப்போது சொன்னான்.

காலையில் சீக்குப்பாறைப் பக்கம் வந்தபோது மூடுபனி. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. அந்தப் பனியில் உச்சிக்குப் போக வேண்டும் என்று ஒருவனை விட்டால், மேடாக இருக்கும் பக்கமே காலை வைத்துப் போவான். ஏதோ ஒரு சின்னக் குன்றின் தலையில் போய் நிற்பான். எந்தப் பக்கம் வைத்தாலும் இறக்கம். வந்து சேர்ந்துவிட்டோம் என்று உட்கார்ந்துவிடுவான். நிஜமான சிகரம் பனிக்கு அப்பால் இருக்கும். நூறு பேரை நூறு இடத்தில் விட்டால் யாராவது ஒருவனுக்கு அது அகப்படலாம். நூறு திட்டங்களை யந்திரம் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் மார்க் மார்க் என்று கெட்டிக்காரர்களையே சேர்த்துக்கொண்டு போனால், நூறு திட்டமும் சீக்கிரமே ஒரே முகமாகிவிடுகின்றன. ஒரே முகத்துக்கும் ஒரே முகத்துக்கும் கல்யாணம் செய்தால் வேறென்ன பிறக்கும்? தேடல் அதோடு நின்றுவிடும். ஆகையால் மார்க் குறைந்த சிலவற்றையும் வேண்டுமென்றே காப்பாற்றி வைப்பார்களாம்.

"இல்லாவிட்டாலும் மோசமில்லை மாமா. மறுபடி பொத்தானை அமுக்கினால் புதிதாக நூறு கிடைத்துவிடும்" என்றான்.

திரிகுலாச்சாமைக்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று வருஷம் விதைக்காமல் பானையிலேயே விட்டால் முளைப்பு போய்விடும் என்று ஆயா சற்று முன்புதான் சொல்லியிருந்தாள். அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. மடிக்கணினியை மூடாமல் அவள் பக்கம் திரும்பினான்.

"ஆயா, ரொக்கம் மட்டும் கணக்கில்லேன்னா வேற எதுக்கு மார்க் போடட்டும்?"

அவள் சொன்னாள்: கடன் ஓரளவு அடைந்தால் நல்லது. வீட்டுக் கஞ்சிக்குக் கொஞ்சமாவது கேழ்வரகு வேண்டும். மரவள்ளி மண்ணை இழுத்துவிடுகிறது, ஒரே துண்டில் வருஷா வருஷம் அதிகம் கூடாது. எல்லாம் ஸாதேயின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பதில்கள். அவற்றை அவன் மளமளவென்று எழுதிக்கொண்டான்.

"விதைக்கு எவ்வளவு ஆயா? ஓரளவு இருந்தாப் போதுமா?"

"விதை தப்பக் கூடாது. அதுல ஓரளவுன்னு ஒண்ணு கெடையாது சாமி."

அன்று முழுவதும் அவள் சொன்ன பதில்களில் மங்கல் இல்லாதது அது ஒன்றுதான். இருக்கும் இரண்டு ரகத்துக்கும் இடமில்லாத திட்டத்துக்குப் பூஜ்யம் மார்க் என்று அவன் விதியை எழுதினான். மறுபடி தட்டினான். ஏழு துண்டு மரவள்ளி, இரண்டு நெல், ஒன்று கேழ்வரகு, இரண்டு துண்டில் இரண்டு சாமை என்று வந்தது.

மகன் பொழுது சாய்ந்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். திட்டத்தை நின்றுகொண்டே கேட்டார். கோபிக்கவில்லை. "சாமை போடற ரெண்டு துண்டுலயும் மரவள்ளி போட்டா வர்ற பணம் இருக்குல்ல தம்பி, அதுலதான் எம் பொண்ணுக்கு ராசிபுரத்துல காலேஜ் பீஸ் கட்டணும். உங்க மிசின்ல அதுக்கு என்ன வழி?" என்றார். மருமகன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ரொம்ப நேரம் கழித்து ஆயாதான் பேசினாள். "ஒரு துண்ட நீ எடுத்துக்கடா. இன்னொண்ணுல ரெண்டு சாமையும் நான் போட்டுக்கறேன். நடுவுல துவரை வரிசை வுட்டா கலக்காது."

மகன் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார். முழு மனதோடு அல்ல. பாதிக்குச் சற்று மேலே இருக்கலாம். மருமகன் உடனே அதை யந்திரத்தில் ஏற்றப் பார்த்தான். ஏற மறுத்தது. ஒரு துண்டுக்கு ஒரு பயிர் என்றுதான் அதற்குச் சொல்லிவைத்திருந்தான். ஒரே துண்டில் இரண்டு சாமையும் துவரையும் சேர்ந்து நிற்க அதில் இடமில்லை.

இறங்கி வரும்போது, அதை மாற்ற எத்தனை நாள் பிடிக்கும் என்று விசாரித்தேன்.

"இரண்டு வாரம் ஆகும் மாமா" என்றான்.

ஆயா மறுநாளே விதைப்பதாகச் சொல்லியிருந்தாள்.