தவறான கதவு

சென்ற மழைக்காலத்தில், இரவெல்லாம் மின்தடை இருந்த ஒருநாள் காலை, நமது பழைய கணினியை முடுக்கினோம். விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. பின்னர், இயங்குதளத்தைக் காணோம் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி தோன்றி நின்றது.

அதன் வன்தட்டில்தான் நம் தாயார் சொல்லச் சொல்ல நாம் தட்டெழுதிய நினைவுக் குறிப்புகள் இருந்தன. தாயார் மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. படி எடுத்துவைக்கப் பலமுறை எண்ணியதுண்டு, எடுத்ததில்லை.

பார்க்க வந்த தம்பி மகன், "வன்தட்டில் உள்ளதெல்லாம் கெட்டிருக்கும், பெரியப்பா. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்றான். நெஞ்சு ஒப்பவில்லை. "பொறு, நோய் எங்கே என்று முதலில் பார்ப்போம்" என்றோம்.

இவ்வகைக் கணினியில் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் சிறு நிரல். அது நினைவகம் முதலியவற்றைச் சோதித்தபின், தனக்கிட்ட வரிசைப்படி தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அங்கே தொடக்க நிரல் இருந்தால் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும், இல்லையேல் கைவிரித்துவிடும்.

மின்னிணைப்பை அகற்றிப் பெட்டியைத் திறந்தோம். வடங்கள் இறுக்கமாகவே இருந்தன. மீண்டும் முடுக்கியபோது, பழுதுற்ற தட்டில் எழும் 'டக் டக்' ஓசையும் இல்லை. பயாஸ் அமைப்புத் திரையில் இரு வன்தட்டுகளின் பெயர்களும் இருந்தன. ஆனால் நாள் மட்டும் 2009 சனவரி 1 என்றிருந்தது!

நோய் பிடிபட்டது. தாய்ப்பலகையில் காசளவில் 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் நாளையும் அமைப்புகளையும் காப்பது அதன் பணி. அது தீர்ந்துபோகவே வரிசை மாறி, படங்களை மட்டும் சேமித்திருந்த இரண்டாம் தட்டு முதலிடம் பெற்றுவிட்டது. கணினி தவறான கதவைத் தட்டிவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று சொல்லியிருக்கிறது.

புதிய மின்கலம் இட்டு, நாளையும் வரிசையையும் திருத்தினோம். குறிப்புகள் ஓரெழுத்தும் குறையாமல் வந்தன. அன்று மாலையே இரு படிகள் எடுத்தோம். ஒன்று தம்பி வீட்டில் இருக்கிறது.

தாயாருக்கும் இறுதிக் காலத்தில் நினைவு போய்விட்டது என்றே எல்லாரும் சொன்னோம். காலையில் என்ன உண்டீர்கள் என்று கேட்டால் விழிப்பார். ஒருநாள், பிறந்த வீட்டுக் கிணற்றடியைப் பற்றி ஏதோ கேட்டோம். மடை திறந்தாற்போல் பேசத் தொடங்கினார். அக்குறிப்புகள் அவ்வாறு கிடைத்தவையே.