பத்திரிகைத் தாளில் சுற்றிய மீன்

லண்டனுக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தவர் எவரும் ஆங்கிலேயரின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அரிது. ஈஸ்ட்ஹாமில் ஓர் உறவினர் வீட்டில் இடியப்பமும் சொதியும், மறுநாள் வெம்பிளியில் இன்னொருவர் வீட்டில் புட்டும் நண்டுக்கறியும், அதற்கடுத்த நாள் டூட்டிங்கில் கொத்துரொட்டி என்று வீட்டுக்கு வீடு கைமாறிக் கடைசியில் விமானம் ஏறிவிடுவதே வழக்கம். நானும் முன்னர் இரண்டு தடவைகள் அப்படித்தான் வந்து திரும்பியிருந்தேன். கடந்த முறை சென்றபோது மாத்திரம், இந்தத் தடவை நல்ல ‘பிஷ் அன்ட் சிப்ஸ்’ ஒன்றைச் சாப்பிட்டே தீருவது என்று மனதிற்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

இந்த ஆவலுக்கு நாவைவிடத் தொழிலே கூடுதல் காரணம். கொழும்பில் நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த காலத்தில், பெயருடன் கட்டுரை வெளிவந்த பெருமிதத்தில் திரியும் இளைஞர்களைப் பார்த்து, ஆங்கிலப் பிரிவின் மூத்தவர் ஒருவர் “இன்றைய செய்தி நாளைக்கு மீன் சுற்றும் தாள்” என்று சொல்லிச் சிரிப்பார். லண்டன் பிளீட் வீதிப் பத்திரிகையாளர்களிடமிருந்து வந்த வாசகம் அது. நமது ஊரில் கச்சான் சுற்றும் தாள் என்று அதனை மாற்றிக்கொள்ளலாம். அப்போது உண்மையில் மீனைத்தான் சுற்றுகிறார்களா, வெறும் பேச்சுக்குச் சொல்கிறார்களா என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்டேன். பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் முதலில் ஒரு வெள்ளைத் தாளிலும் அதன்மேல் பழைய பத்திரிகையிலும் சுற்றிக் கொடுப்பது பிரிட்டனில் பல தசாப்தங்களாக இருந்த நடைமுறை. அச்சுமை உணவில் படுவது நல்லதல்ல என்ற சுகாதார அக்கறைகளினால் 1980களில் அது வழக்கொழிந்தது.

முதல் முயற்சி படுதோல்வி. மத்திய லண்டனில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சதுக்கமொன்றின் அருகில், வாசலில் உணவுகளின் வர்ணப்படங்களை வரிசையாக மாட்டியிருந்த கடை அது. இருபது பவுண் வாங்கினார்கள். மீன் அளவுகோல் வைத்து வெட்டியது போல நாற்சதுரமாக இருந்தது. மேலே இருந்த மாப்போர்வை மீனை விட்டு விலகி நின்றது, உள்ளே ஈரப்பசை. சிப்ஸ் உறைநிலைப் பெட்டியிலிருந்து நேரடியாக வந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. தட்டில் விரித்திருந்த தாள்தான் எல்லாவற்றிலும் வேடிக்கை. பழைய பத்திரிகை போலத் தோன்றுவதற்காகவே அச்சடிக்கப்பட்ட எண்ணெய் ஊறாத தாள் அது. தொழிற்பழக்கத்தில் அதனை வாசிக்கத் தொடங்கினேன். ஒரே பந்தி நான்கு இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

அன்றிரவு வோல்தம்ஸ்டோவில் வசிக்கும் நண்பருடன் தொலைபேசியில் கதைத்தபோது இதனைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றில் அச்சுக்கோப்பாளராக இருந்து, 1984இல் லண்டன் சென்றவர் அவர். என்னிலும் பத்து வயது இளையவர்.

“படம் போட்டு விக்கிற கடைக்குள்ளை ஏனண்ணை போனனீங்கள்? நாளைக்கு இஞ்சாலை வாங்கோ. நான் மூண்டு வருஷம் உருளைக்கிழங்கு உரிச்சனான். எனக்குத் தெரியாத சிப்ஸ் கடையே?” என்றார்.

அவர் லண்டனில் செய்த முதல் வேலை சிப்ஸ் கடையில்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் அதைச் சொன்னதேயில்லை.

மறுநாள் மதியம் அவருடைய வீட்டிலிருந்து கடைக்கு நடந்து சென்ற வேளையில் முழுப்பாடமும் நடந்து முடிந்தது. முதலில் பார்க்கவேண்டியது கண்ணாடிப் பெட்டியையாம். பொரித்த மீன்கள் அங்கே குவிந்து கிடந்தால் திரும்பிவிட வேண்டும். கேட்ட பிறகு பொரித்துத் தருபவன்தான் கடைக்காரன். மாக்கரைசல் குளிர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் 180 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது. மீன் எண்ணெயில் வேகுவதில்லை. மாவுக்குள் அடைபட்டுத் தன்னுடைய நீராவியிலேயே வேகுகிறது. எண்ணெய் சூடு தணிந்திருந்தால் மா எண்ணெயைக் குடித்துவிடும். நமது வாழைக்காய்ப் பஜ்ஜிக்கும் இதே விதிதானே என்றேன். “அதேதான், ஆனால் இவங்கள் அதிலை மிளகாய்த்தூள் போட மறந்திட்டாங்கள்” என்றார்.

உருளைக்கிழங்கு பற்றி அவர் சொன்னது எனக்குப் புதியது. 1966இல் அறிமுகமான ‘மாரிஸ் பைப்பர்’ என்ற இனத்தையே கடைக்காரர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். கிழங்கை அதிக குளிரில் வைத்தால் அதிலுள்ள மாப்பொருள் சீனியாக மாறிவிடுகிறது. அத்தகைய கிழங்கைப் பொரித்தால் உள்ளே வேகுமுன்னர் வெளியே கருகிவிடும். கோடை தொடக்கத்தில் பழைய கிழங்கு முடிந்து புதியது வரும் சில வாரங்களில் நல்ல கடைகளில்கூடச் சிப்ஸ் தவறிப்போவது உண்டாம்.

கடைசிப் பாடம் எண்ணெய் பற்றியது. நம்மவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது. இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக யோர்க்ஷயரில், இன்றைக்கும் பல கடைகள் உருக்கிய மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கின்றன. சுவைக்கு அதற்கு ஈடில்லை என்பது அவர்களுடைய கட்சி. லண்டனில் தாவர எண்ணெயே பெரும்பான்மை என்றாலும் கொழுப்பில் பொரிக்கும் பழைய கடைகள் மத்திய லண்டனிலும் உண்டு. மீன் சாப்பிடுகிறோம், மாடு சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டு வந்த சைவக் குடும்பத்தவர்கள் எத்தனை பேரோ. நண்பர் வேலை செய்த கடையும் கொழுப்புக் கடைதான். வெள்ளைக் கட்டிகளாக வரும் அதனை உடைத்துத் தாச்சியில் போடுவதே அவருடைய காலை வேலை. வாரம் தவறாமல் தாயாருக்குக் கடிதம் எழுதியவர், மூன்று ஆண்டுகளும் ‘உணவுச்சாலையில் கணக்குப் பார்க்கிறேன்’ என்றே எழுதினாராம்.

இந்த உணவின் வரலாறு குடியேறிகளின் வரலாறு. ஸ்பெயினிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் துரத்தப்பட்ட யூதர்களே மாவில் தோய்த்துப் பொரித்த மீனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1830களில் எழுதிய ‘ஒலிவர் ட்விஸ்ட்’ நாவலில் பொரித்த மீன் கடை ஒன்று வருகிறது. மீனையும் சிப்ஸையும் ஒன்றாக விற்ற முதலாவது கடை, 1860 அளவில் கிழக்கு லண்டனில் ஜோசப் மாலின் என்ற யூதர் தொடங்கியதே என்று லண்டன்காரர்கள் சொல்கிறார்கள். லங்காஷயரின் மொஸ்லியில் ஜோன் லீஸ் என்பவரே முதல்வர் என்று வடக்கத்தியர் மறுக்கிறார்கள். நீராவி இழுவைப் படகுகளும் ரயில் பாதைகளும் வந்து வடகடல் மீன் உள்நாட்டு நகரங்களுக்கு மலிவாகப் போய்ச்சேர்ந்த பின்னர் அது தொழிலாளர்களின் சாப்பாடாயிற்று. இரண்டாம் உலகப்போரில் இறைச்சி, வெண்ணெய், சீனி எல்லாவற்றுக்கும் பங்கீடு வந்தபோதும் இதற்கு மட்டும் பங்கீடு வரவில்லை. மக்கள் மனந்தளர்ந்துவிடுவார்கள் என்று அரசாங்கம் அஞ்சியது. ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியான தமது நூலில், பிரிட்டனில் புரட்சி வராமல் தடுத்த மலிவான இன்பங்களின் பட்டியலில் இதனையும் சேர்த்திருக்கிறார். யூதர்களுக்குப் பிறகு இத்தாலியர், சைப்பிரஸ் கிரேக்கர், சைப்பிரஸ் துருக்கியர், சீனர் என்று கடைகள் கைமாறின. இப்போது கல்லாவில் தமிழர்கள் நிற்கும் கடைகளும் இருக்கின்றன.

நாங்கள் சென்றது சைப்பிரஸ் துருக்கியக் குடும்பமொன்றின் கடை. ஆறு மேசைகள். சுவரில் படமில்லை, விலைப்பட்டியல் மட்டும். நண்பர் முதலில் எண்ணெய் எதுவென்று கேட்டார். நிலக்கடலை எண்ணெய் என்று பதில் வந்தது. பிறகு மீன் எதுவென்று கேட்டார். தெற்கில் கொட் மீன், வடக்கிலும் ஸ்கொட்லாந்திலும் ஹடொக் என்பது பொதுவிதி. இருவரும் கொட் கேட்டோம். பன்னிரண்டு நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். நண்பருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வந்த மீன் தட்டின் இரு முனைகளையும் தாண்டி வளைந்து கிடந்தது. கரண்டியால் தட்டினால் ஓடு போலச் சத்தம். உடைத்தபோது ஆவி பறந்தது. உள்ளே சதை தாமரை இதழ் போலத் தனித்தனியாகக் கழன்று வந்தது. பாரையையும் விளைமீனையும் தின்று வளர்ந்த நாவுக்குக் கொட் மீன் முதலில் சுவையற்றதாகத்தான் தோன்றும். சிறுவயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய மீனெண்ணெய் இதே மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற நினைப்பு வேறு. ஆனால் உப்பும் வினாகிரியும் தூவி, மொறுமொறுத்த மாவுடன் சேர்த்து வாயிலிட்டபோது, எதற்காக ஒரு நாடு இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறது என்பது விளங்கியது. சிப்ஸ் விரல் பருமன். வெளியே பொன்னிறம், உள்ளே மாவாக அவிந்திருந்தது. பக்கத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து மசித்த பட்டாணி. அதற்கு நான்கு செத்தல் மிளகாயும் கொஞ்சம் கடுகும் தாளித்துப் போட்டிருந்தால் ஆங்கிலேயர் இன்னும் சில காலனிகளை வைத்திருந்திருப்பார்கள். ‘கறி சோஸ்’ என்று ஒன்றையும் தந்தார்கள். அதைப்பற்றி எழுதாமல் விடுகிறேன்.

ஆளுக்குப் பதின்மூன்று பவுணுக்குக் கிட்ட வந்தது. ஏழைகளின் சாப்பாடு என்று இனிச் சொல்ல முடியாது. 2022இல் உக்ரேனில் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியது. அதே ஆண்டு ரஷ்ய வெள்ளை மீனுக்கு பிரிட்டன் 35 வீத மேலதிகத் தீர்வை விதித்தது. கடைகளில் பொரியும் கொட் பெரும்பாலும் பிரிட்டிஷ் படகுகள் பிடித்தது அல்ல. ஐஸ்லாந்து, நோர்வே, பேரன்ட்ஸ் கடல் பக்கத்திலிருந்து வருகிறது. ஐஸ்லாந்து தன்னுடைய மீன்பிடி எல்லையைப் படிப்படியாக விரித்து 200 மைல்களாக்கியபோது பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பிப் பார்த்தது. ‘கொட் யுத்தம்’ என்று பெயர்பெற்ற அந்தத் தகராறு 1976இல் ஐஸ்லாந்தின் வெற்றியுடன் முடிந்தது. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் தூரக்கடல் மீன்பிடி அத்துடன் சரிந்தது. பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகளால் வலையிழந்து நிற்கும் நமது வடபகுதி மீனவர்களுக்கு இந்தக் கதையில் ஐஸ்லாந்தின் பக்கம் உடனே புரியும். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் அவர்களுடைய பிரச்சினை தீரவில்லை.

சாப்பாடு முடியும் தறுவாயில், தாளில் சுற்றிக் கொடுத்த காலத்தைப் பார்த்தீர்களா என்று நண்பரைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

அவர் வேலை செய்த கடையில் 1984இல் பத்திரிகைத் தாள் பாவனையில் இருந்தது. அயலவர்கள் வீட்டிலுள்ள பழைய பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்து ஒரு பை சிப்ஸ் வாங்கிப் போவார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மூதாட்டி கொண்டுவந்த கட்டில் முந்திய ஆண்டுப் பத்திரிகைகளும் இருந்தன. ஓர் இரவு உரித்த கிழங்கு வாளியுடன் இவர் முன்பக்கம் வந்தபோது, முதலாளி ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு பங்கு மீனைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் ஒரு படம். எரிந்த கடைகளின் வரிசை. அச்சுக்கோப்பாளர்கள் எழுத்தைத் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் வாசித்துப் பழகியவர்கள். மேசையில் தலைகீழாகக் கிடந்த படத்தில், பாதி கருகிய பெயர்ப்பலகையின் நான்கு தமிழ் எழுத்துகளை அவர் வாசித்துவிட்டார். வெள்ளவத்தையில் அவருடைய தமையனாரின் கடை.

1983 ஜூலையில் அந்தக் கடையும் அதன் மேல்மாடியிலிருந்த வீடும் எரிந்தன. குடும்பம் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கியது. இருபத்தொரு ஆண்டுகள் நடத்திய கடையின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருந்தவை எல்லாம் வீட்டோடு போயின.

“கேட்டு வாங்கியிருக்கலாமே?”

“அப்ப என்னட்டை இங்கிலிஷ் இல்லை அண்ணை. வாய் திறக்கிறதுக்கிடையிலை ஆள் கதவைத் தாண்டிட்டுது.”

கட்டில் மிஞ்சிய தாள்களை இரவோடிரவாகத் தேடினார். பத்திரிகையின் பெயர் தெரிந்தது. அந்தப் பக்கம் இல்லை. பிற்காலத்தில் கொலின்டேலில் இருந்த பிரிட்டிஷ் நூலகத்தின் பத்திரிகைக் காப்பகத்துக்குச் சனிக்கிழமைகளில் போய், அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நுண்படச் சுருள்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்திருக்கிறார். 2013இல் அந்தக் கட்டடம் மூடப்படும் வரையில் அந்தப் படம் அகப்படவில்லை. காரணம் எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். ஒரே நாளில் ஒரு பத்திரிகை பல பதிப்புகளாக வெளிவரும். வெளியூர்ப் பதிப்பில் இருந்த படம் நகரப் பதிப்பில் புதிய செய்திக்காகத் தூக்கப்பட்டிருக்கும். நூலகங்களில் பெரும்பாலும் ஒரு பதிப்புத்தான் சேமிக்கப்படும். நானே எத்தனையோ இரவுகள் கல்லுக்கு முன்னால் நின்று அப்படிப் படங்களைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

படத்தை எடுத்தது செய்தி நிறுவனமாக இருந்தால் அவர்களுடைய களஞ்சியத்தில் மூலப்படம் இருக்கலாம் என்றேன். இரண்டு நிறுவனங்களுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். தமையனார் 2009இல் காலமாகும்வரை ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் “அது கிடைச்சுதோ தம்பி?” என்று கேட்பாராம்.

“அந்த மனிசன் வினாகிரி கூட விடச்சொல்லிக் கேட்டவர், அண்ணை. தாள் முழுக்க நனைஞ்சிருக்கும்” என்றார்.

எங்கள் தட்டுகளில் சிப்ஸ் அரைவாசி மிஞ்சியிருந்தது. கடைக்காரர் ஒரு மட்டைப் பெட்டி கொண்டுவந்து தந்தார். அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தோம்.