மூச்சு எங்கே நிற்கிறது

முதல்முறை கேட்டபோது ஜார்ஜ் லூயிஸ் யாரென்றே எனக்குத் தெரியாது. டிக்ஸிலேண்ட் ஜாஸ் என்றால் ஊர்வலம், சத்தம், கொண்டாட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். டிரம்பெட் மெட்டைத் தூக்கிப் பிடிக்கும். கீழே டிராம்போன் உறுமும். மேலே கிளாரினெட் கொடிபோலச் சுற்றும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஆனால் சண்டை வராது.

'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்' அப்படியில்லை. டிரம்பெட் இல்லை, டிராம்போன் இல்லை, டிரம்ஸும் இல்லை. லூயிஸின் கிளாரினெட், லாரன்ஸ் மரேரோவின் பாஞ்சோ, 'ஸ்லோ டிராக்' பாவாஜோவின் டபுள் பாஸ். அவ்வளவுதான்.

கதை பிறகுதான் தெரிந்தது. 1944 ஜூலை, நியூ ஆர்லியன்ஸ். 44 வயது லூயிஸுக்கு வாசிப்பு மட்டும் சோறு போடவில்லை. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. கனமான சரக்கு ஒன்று மோதி மார்பு நசுங்கி, வீட்டில் படுத்துத் தேறிக்கொண்டிருந்தார். பில் ரஸ்ஸல் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார். நண்பர்கள் இருவரும் வந்தார்கள்.

இதைப் படித்தபின் ஒவ்வொரு இடைவெளியிலும் எனக்கு நசுங்கிய மார்புதான் கேட்டது. அழுதேன். அந்த அழுகைமேல் பிறகு சந்தேகமும் வந்தது. இசைக்கு அழுதேனா, கதைக்கா?

அப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விலா எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருக்கிறார். கதை எதுவும் சொல்லாமல் அவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அவர் மூக்கைச் சிந்துவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை.

கண்ணை மூடிக் கேட்டார். "மெதுவாத்தான் ஊதுறான். ஆனா சோர்வு இல்ல. எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியுது," என்றார்.

அப்போதுதான் கதையைச் சொன்னேன். "அப்படியா?" என்றவர், "வலியோட வேல செஞ்சா வலிய வேலையில காட்டக் கூடாதுடா. காட்டுனா மூட்டை விழுந்துரும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உழைப்பாளியின் காயத்தை ரசிப்பது எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது! லூயிஸ் தேறி, 1968 வரை வாழ்ந்தார். ஜப்பான் வரைக்கும் போய் வாசித்தார். போன இடமெல்லாம் இதே மெட்டைக் கேட்டிருக்கிறார்கள். பிந்தைய பதிவுகளையும் தேடிக் கேட்டேன். மார்பு ஆறிய பின்னும் அவர் அவசரப்படவில்லை. அந்த இடைவெளிகள் காயம் கொடுத்தவை அல்ல, அவருடையவை.

அப்பா மறுநாள் கேட்டார், "அந்த ஊதுற பாட்ட இன்னொரு தடவ போடு."