பதினேழாம் லெவல் வீரனுக்கு என்ன வேலை கொடுப்பது?



"சேர், சனிக்கிழமையில பிள்ளையளோட என்ன விளையாடுறீங்க? சூதா, சூனியமா?" என்று போன கிழமை ஒரு தாய் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. என் ராத்தாவின் மகன் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். போனும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இப்ப இதைச் செய்யிறன்" என்று சொல்ல வேண்டும். செய்தது சரிவந்ததா இல்லையா என்பதை இருபது பக்கக் காய் தீர்மானிக்கும். பகடை உருட்டுவது நம் மார்க்கத்தில் விரும்பப்படாதது என்பதால், 1 முதல் 20 வரை எழுதிய சோடா மூடிகளை ஒரு பால்மா டின்னில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம். காசு கிடையாது. மந்திரவாதி வருவது கதையில் மட்டும்தான். பிள்ளைகள் மந்திரம் படிப்பதாகப் பயப்பட வேண்டாம், ஏழாம் வாய்ப்பாடே சிலருக்கு இன்னும் பாடமில்லை.

பிரச்சினை என்னவென்றால், இரண்டு வருஷமாக விளையாடி ஐந்து பிள்ளைகளின் பாத்திரங்களும் 17ஆம் லெவலுக்கு வந்துவிட்டன. புத்தகத்தில் 20தான் உச்சம். அதிலும் ஒரு பையனின் மந்திரவாதி இருக்கிறானே, வானத்திலிருந்து எரிகல் இறக்குவான், நினைத்த இடத்துக்கு ஒரு நொடியில் போவான். இந்தப் பையன் வகுப்பில் வாயே திறக்காதவன். சனிக்கிழமையில் மட்டும் வேறு ஆள். மற்ற நாலு பேரும் அவன் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளை வராமலே விடத் தொடங்கியது.

பெரிய எதிரியைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று யாரும் நினைப்பார்கள். கணக்கு அப்படி இல்லை. புத்தகத்தில் உள்ள கிழட்டுச் சிவப்பு டிராகனுக்கு 546 உயிர்ப்புள்ளி. ஆனால் அது ஒருமுறை அடித்து முடிந்து அடுத்த முறை வருவதற்குள் ஐந்து பேர் அடித்துவிடுவார்கள். சண்டியன் எவ்வளவு பெரியவன் என்றாலும் தனி ஆள்தானே. புத்தகம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்துதான், மற்றவர்களின் முறைக்கு நடுவிலும் அது மூன்று தரம் அடிக்கலாம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அதுவும் போதாது.

இந்தத் தலையிடி கைகாக்ஸுக்கே வந்தது. அவருடைய பழைய ஆட்டக்காரர்கள் தங்களை வெல்ல ஆளில்லை என்ற நிலைக்கு வந்தபோது, 1975இல் 'டூம் ஒப் ஹொரர்ஸ்' என்ற கல்லறையை உருவாக்கினார். உள்ளே சண்டை குறைவு, பொறியும் புதிருமே அதிகம். வாள் எவ்வளவு கூர் என்பது அங்கே செல்லாது, யோசிக்க வேண்டும். அதில் மாண்டவர்கள் ஏராளம். ராப் குன்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் கடைசி அறையில் மண்டையோடு எழும்பியதும் சண்டைக்கே போகாமல் புதையலை அள்ளிக்கொண்டு ஓடியது இந்த விளையாட்டுக்காரர் மத்தியில் பிரபலமான கதை. எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: பறித்துவிடுவது. மந்திரம் பலிக்காத குகைக்குள் தள்ளலாம், இரவில் கள்ளன் வந்து வாளைக் கொண்டுபோகலாம். பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். 1990 ஒக்டோபரில் வாப்பா, உம்மாவோடு வள்ளத்தில் கற்பிட்டியில் போய் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கையில் ஒரு உடுப்புப் பை. வீடு, வாப்பாவின் வலை, என் பள்ளிக்கூடக் கொப்பிகள், எல்லாம் இங்கேயே. பறிகொடுத்தவன் அதனால் கெட்டிக்காரன் ஆவதில்லை. அடுத்ததாக என்ன போகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். ஒரு பிள்ளை இரண்டு வருஷம் பாடுபட்டுச் சேர்த்ததைக் கதை சொல்கிறவன் என்ற அதிகாரத்தில் நான் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழ்ப் பாடத்தில் கர்ணனைப் படிப்பிக்கும்போது பிள்ளைகளிடம் கேட்பேன், கவசம் எப்படிப் போனது? யாரும் அடித்து உடைக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தான். அவனுடைய பலத்தை விட்டுவிட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்பதைத் தொட்டார்கள். இந்திரன் செய்தது வஞ்சகம், அதை விடுங்கள். ஆனால் பலசாலியிடம் கேட்க வேண்டிய கேள்வி "உன்னால் முடியுமா?" என்பது இல்லை, "செய்வாயா?" என்பதுதான் என்று எனக்குப் பட்டது.

அப்படித்தான் இரண்டு கிழமைக்கு முன் டிராகனை எல்லாம் விட்டுவிட்டு ஒரு குளத்தை வைத்தேன். கட்டுக்கரைக் குளம் மாதிரியே பெரியது. துருசு, வாய்க்கால், வயல். மேல்வயல்காரர் நேரத்தோடு விதைத்து, அறுத்து, நெல்லை ரோட்டில் காயப் போட்டிருக்கிறார்கள். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள் பிந்தி விதைத்தவர்கள். கதிர் வருகிற நேரம் தண்ணீர் இல்லை. அவர்கள் வந்து வீரர்களிடம் அழுகிறார்கள்.

மந்திரவாதி உடனே, "மழை பெய்யப் பண்ணுறன்" என்றான். அவனிடம் அந்த மந்திரம் இருக்கிறது. சட்டத்தை வாசித்தேன்: அவனைச் சுற்றி ஐந்து மைல், எட்டு மணித்தியாலம் வரை. பென்சிலால் வட்டம் கீறினான். ஒரு பிள்ளையின் தகப்பன் அந்தக் கிழமைதான் உண்மையாகவே ரோட்டோரத்தில் நெல் காயப் போட்டிருந்தார். அது மெதுவாகக் கேட்டது: "அப்ப எங்கட நெல்லு?"

பிறகு நடந்தது முழுக்கப் பேச்சு. அரை மணித்தியாலம் ஒரு மூடிகூட எடுக்கவில்லை. வராமல் விட்ட பிள்ளை அன்று வந்திருந்தது, அதுதான் அதிகம் சத்தம் போட்டது. கடைசியில் மேல்வயல்காரரிடம் போய்ப் பேசுவது என்று முடிவு. அவர்கள் நம்பவில்லை. டிராகனைக் கொல்லும்போது இதே மந்திரவாதி அவர்களுடைய காட்டை எரித்தவன், ஊர் அதை மறக்குமா? டின்னில் கையை விட்டான். 3 வந்தது.

"சேர், மந்திரத்தால அவங்கட மனச மாத்தலாம் தானே?"

"மாத்தலாம்" என்றேன். உண்மையிலேயே முடியும், புத்தகத்தில் இருக்கிறது.

வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். "வேணாம் சேர். நெல்ல அள்ளிக் குடுத்திட்டு மழையக் கூப்பிடுவம்."

இப்போது டிராகனைக் கொன்ற ஐந்து வீரர்களும் ரோட்டில் நெல் மூட்டை சுமக்கிறார்கள். விடிவதற்குள் முடிக்க வேண்டும், பயிர் அதற்கு மேல் தாங்காது. நித்திரை கொண்டால்தான் மந்திரவாதிக்குச் செலவழித்த மந்திரம் திரும்பக் கிடைக்கும், அதற்கு நேரமில்லை. ஆகவே மழைக்கு உரியதை மிச்சம் பிடித்துக்கொண்டு அவனும் தோளில்தான் சுமக்கிறான்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு தொடருவோம். பெற்றோர் வந்து பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இடமுண்டு, பென்சில் மட்டும் கொண்டுவந்தால் போதும். நாற்பது மூட்டை மிச்சம் இருக்கிறது, ஆள் காணாது.