கழுத்தில் ஒரு தூதன்

அமராவதி ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இறங்கி, மடத்துக்குளம் வட்டாரத்து வயல்களை வளப்படுத்தித் தாராபுரத்தை அடைகின்றது. அவ்வாற்றுவெளிக் கரும்புத் தோட்டங்களுக்கு 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அழையாத விருந்தாளி ஒன்று வந்தது. அது சின்னத்தம்பி என்னும் காட்டு யானை.

கோவையை அடுத்த தடாகம் பகுதியில் விளைபயிர்களைத் தின்று பழகிய அந்த யானையை, வனத்துறையினர் அவ்வாண்டு ஜனவரி 25ஆம் நாள் பிடித்தனர். ஆனைமலைக் காட்டில் விடுமுன், அதன் கழுத்தில் வானொலிப் பட்டை ஒன்றைப் பூட்டினர்.

இத்தகைய பட்டை இருப்பிடத்தை அறிவது எங்ஙனம்? ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைத் துணைக்கோள்கள், தாம் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாது அறிவிக்கின்றன. அந்த அலைகள் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரைந்து வருவன. அவை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடும். இடத்தைக் காட்ட மூன்று கோள்கள் போதும். ஆயினும், கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவது கோளும் வேண்டும். ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவில் 300 மீட்டர் தவறும் அன்றோ? இங்ஙனம் அறிந்த இடத்தைப் பட்டை மீண்டும் அலைகளின் வாயிலாகக் காவலர்க்கு உரைக்கும்.

சின்னத்தம்பி காட்டில் தங்கவில்லை. சில நாட்களிலேயே மலையிறங்கிப் பொள்ளாச்சிப் பக்கம் வந்தது. பின்னர் உடுமலைப் பகுதியை அடைந்து, கண்ணாடிப்புத்தூர்க் கரும்பில் புகுந்தது. ஆண்டு முழுதும் பாடுபட்ட உழவர் தம் பயிருக்காகக் கலங்கினர். யானையைத் துன்புறுத்தலாகாது என்று வேறு பலர் வேண்டினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிப்ரவரி 15ஆம் நாள் யானை மீண்டும் பிடிபட்டது. வரகளியாறு முகாமில் அடைக்கப்பட்டுப் பின்னாளில் கும்கியாகப் பழக்கப்பட்டது.

யானை எங்கே நிற்கின்றது என்பதைக் கருவி கூறிற்று. ஏன் அங்கே வந்தது என்பதைக் கூறவில்லை. தன் பழைய வழித்தடத்தை நாடியதோ, கரும்பின் சுவையை மறவாமல் வந்ததோ, யார் அறிவார்? உழவனின் விளைச்சலும் யானையின் உரிமையும் ஒருங்கே காக்கப்படும் வழியைக் காண்பது கருவியின் கடமையன்று. அது மனிதனின் கடமையாகும்.