இரவுப் பசி பகலில்தான் பிறக்கிறது

 

தை மாதம் தொடக்கம் எங்கள் ஆசிரியர் அறையில் ஐந்து பேர் சேர்ந்து எடை குறைக்கிறோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கிறோம். மாதம் ஒருமுறை ஒரே தராசில் நிறுக்கிறோம். வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதை ஒளிவு மறைவில்லாமல் கதைக்கிறோம். இதைக் கேள்விப்பட்ட பெற்றோர்களும் பழைய மாணவர்களும் உடுப்பிட்டிச் சந்தியில் கண்டால் மறித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"பகல் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறன் சேர். ராவில பத்து மணிக்குப் பிறகு வாற பசியைத்தான் ஒண்டும் செய்ய ஏலாமல் கிடக்கு."

ஆளாளுக்கு வாயால் சொல்வதைவிட எழுதிப் போட்டால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். சீனியை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

முதலில், இது ஏன் எங்கள் ஊருக்குப் பெரிய விசயம் என்று சொல்லிவிடுகிறோம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் எடுத்த ஒரு சுகாதார ஆய்வில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இன்னும் 30 வீதம் அளவானோர் அதன் வாசற்படியில் நின்றார்கள். இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல். உங்கள் வீட்டில் வளர்ந்தவர்கள் நாலு பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கள் உடம்பு வாகும் வேறு. வெள்ளைக்காரருக்கு உடல் திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் எடை கூட என்பார்கள். ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு 59 கிலோ. தராசு இல்லாவிட்டால் தையல்காரரின் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு வந்தவர்கள் "நான் மெல்லிசு" என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

இனி இரவுப் பசிக்கு வருவோம்.

இரவில் பசிப்பதற்கு உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். உடம்புக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 12 பேரை 13 நாட்கள் மங்கலான வெளிச்சத்தில், வெளியில் பகலா இரவா என்று தெரியாத இடத்தில் வைத்து அவர்களின் பசியை அளந்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதன் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது, உள் மணிக்கூட்டின்படி காலை 8 மணியளவில் பசி ஆகக் குறைவாகவும் இரவு 8 மணியளவில் ஆகக் கூடுதலாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாச்சாப்பாடு மூன்றிலும் ஆசை கூடுவதும் அந்த நேரத்தில்தான்.

இதில்தான் எங்கள் ஊர் வழக்கம் மாட்டுப்படுகிறது. காலையில் இயல்பாகவே பசி குறைவு. எடை குறைக்க நினைப்பவருக்கு அது வாய்ப்பாகத் தெரிகிறது. வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடுவார். இடைவேளையில் ஒரு வடை. இரண்டு மணிக்குப் பயந்து பயந்து நாலு பிடி சோறு. பின்னேரம் மறுபடி தேத்தண்ணி. இரவு எட்டு மணிக்கு இயற்கையான பசியும் பகல் முழுக்கச் சேர்ந்த கடன் பசியும் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். அந்த நேரத்தில் எவராலும் அளவாகச் சாப்பிட முடியாது. பிட்டு நீத்துப்பெட்டியோடு காலியாகும். பத்தரைக்கு மறுபடி பிஸ்கற் ரின்னைத் திறக்கச் சொல்லும்.

அதனால்தான் சொல்கிறோம், இரவுப் பசிக்கு மருந்து காலைச் சாப்பாட்டில் இருக்கிறது என்று.

நாங்கள் ஐந்து பேரும் கடைப்பிடிப்பதை வரிசையாகத் தருகிறோம்.

1. காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதில்லை. பாணும் சம்பலும் மட்டும் என்றால் பதினொரு மணிக்கே வயிறு கேட்கும். கூட ஒரு அவித்த முட்டை வையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு புரதம் இருக்கிறது, கலோரி 80ஐத் தாண்டாது. முட்டை வேண்டாம் என்பவர்கள் பருப்பு, பயறு, கௌபி சேர்க்கலாம். பசியை நீண்ட நேரம் அடக்கி வைப்பவை புரதமும் நார்ச்சத்தும்தான்.

2. மத்தியானம் வயிறாறச் சாப்பிடுகிறோம். ஆனால் கோப்பையில் பாதி இடம் மரக்கறிக்கும் கீரைக்கும். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பயிற்றங்காய் எல்லாம் வீட்டு வளவிலும் நெல்லியடிச் சந்தையிலும் கிடைப்பவை. சோறு கால்வாசி. மீன் அல்லது பருப்பு கால்வாசி.

3. பின்னேரம் நாலரைக்கு ஏதாவது சாப்பிடுகிறோம். இதுதான் ஆக முக்கியம் என்று எங்கள் அனுபவம் சொல்கிறது. ஒரு சிறு கிண்ணம் அவித்த கடலை, அல்லது ஒரு துண்டு பப்பாசி, பருவகாலத்தில் ஒரு பனங்கிழங்கு. கச்சான் என்றால் ஒரு பிடி மட்டும், ஏனென்றால் 30 கிராம் கச்சானிலேயே 170 கலோரி இருக்கிறது. நாலரைக்கு இதைச் சாப்பிட்டவர் எட்டு மணிக்கு அடுப்படியில் நின்றபடியே அள்ளி வாயில் போடமாட்டார்.

4. தேத்தண்ணியில் சீனியை எண்ணுகிறோம். ஒரு நாளுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நாலு தரம் தேத்தண்ணி, தரத்துக்கு இரண்டு கரண்டி என்றால் எட்டாகிவிடும். பிஸ்கற் இன்னும் கணக்கில் வரவில்லை.

5. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கப் பார்க்கிறோம். 2022இல் பொஸ்ரனில் 16 பேருக்கு அதே சாப்பாட்டை அதே அளவில் நாலு மணி நேரம் பிந்திக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, உடம்பு எரிக்கும் கலோரியும் குறைந்தது. ரியூசனுக்குப் போன பிள்ளை வரும்வரை காத்திருந்து ஒன்றாகச் சாப்பிட ஆசைதான். அப்படியென்றால் பிள்ளை சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து கதையுங்கள். அதுவும் சேர்ந்து இருப்பதுதானே.

இவ்வளவும் செய்த பிறகும் பத்து மணிக்குப் பசித்தால்?

எங்களுக்குள் ஒரு சோதனை இருக்கிறது. "இப்ப அவிச்ச கடலை தந்தால் சாப்பிடுவியா?" என்று எங்களை நாங்களே கேட்பது. ஓம் என்றால் அது உண்மையான பசி. பத்து வாய் கடலையோ, ஒரு முட்டையோ, சின்ன வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், குடி முழுகிப் போகாது. கடலை வேண்டாம், மிக்சர்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் அது பசி இல்லை, ஆசை. ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு இருபது நிமிடம் பொறுங்கள்.

பொறுத்தால் போகுமா என்று கேட்பீர்கள். நோன்பு பிடிக்கும் எங்களுக்கும், கந்தசஷ்டி விரதம் இருக்கும் சக ஆசிரியர்களுக்கும் இது தெரிந்த விசயம். பசி மலை மாதிரி ஏறிக்கொண்டே போவதில்லை, அலை மாதிரி வந்து போகும். மத்தியானம் ஒரு மணிக்கு வயிற்றைப் பிடித்து உலுக்கும், இரண்டரைக்கு எங்கே போனது என்றே தெரியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் ஏறி, சாப்பிடாவிட்டாலும் பிறகு தானாக இறங்குகிறது. தினமும் பத்தரைக்குப் பிஸ்கற் கொடுத்துப் பழக்கினால் தினமும் பத்தரைக்கு ஏறும். கொடுக்காமல் விட்டால் மெல்ல மெல்ல மறந்துவிடும்.

அடுத்தது தூக்கம். 2004இல் சிக்காகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டபோது கிரெலின் 28 வீதம் கூடியிருந்தது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்ரின் 18 வீதம் குறைந்திருந்தது. எங்கள் பகுதியில் தூக்கம் கெடுவதற்கு ஒரு தனிக்காரணம் உண்டு. லண்டனில் பிள்ளை வேலை முடிந்து ஆறு மணிக்குக் கோல் எடுத்தால் இங்கே கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மாவும் அப்பாவும் பன்னிரண்டு மணிவரை முழித்திருக்கிறார்கள். முழித்திருந்தால் பசிக்கும். கோலை விடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறோம். சனி, ஞாயிறில் உங்கள் மத்தியானத்தில் எடுங்கள். இங்கே ஐந்து மணி, ஆறு மணி. பெற்றோர் நேரத்துக்குத் தூங்குவார்கள்.

அந்தக் கோல் முடிந்த பிறகு வரும் பசி பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய வீடு, இரண்டே பேர், சில வீடுகளில் ஒரே ஆள். திரை அணைந்ததும் வீடு வெறிச்சோடிவிடும். கை தானாக அலுமாரிக்குப் போகும். அது வயிறு கேட்பதில்லை. தனிமைக்குச் சாப்பாடு மருந்தாகாது. பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பின்னேரம் நடக்கப் போகும்போது அவரையும் கூப்பிடுங்கள். இரவில் பலமுறை எழும்பிச் சாப்பிட்டால்தான் தூக்கம் வருகிறது, மனமும் சோர்ந்து கிடக்கிறது என்றால் அது ஒரு நோய். 1955இலேயே மருத்துவர்கள் அதை எழுதி வைத்துவிட்டார்கள். வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அம்மாமாருக்கு ஒரு விசயம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்குச் சட்டி கழுவும்போது மிஞ்சிய பிட்டையும் கறியையும் "எறியப் பாவம்" என்று வாயில் போடுவது எங்கள் வீடுகளில் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான பழக்கம். உணவை வீணாக்கக்கூடாது என்பது சரியான கொள்கை. அதற்காக உங்கள் வயிறு குப்பைக் கூடை ஆகவேண்டுமா? ஒரு சுண்டு குறைத்துப் போடுங்கள், மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பங்கை முதலே எடுத்து வைத்து நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆண்கள் சட்டியைக் கழுவினால் இந்தப் பிரச்சினை பாதி தீரும் என்று எங்கள் குழுவில் உள்ள டீச்சர்மார் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டோம்.

கடைசியாகச் சொல்வதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசியுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்கள், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், மேலே சொன்ன "இருபது நிமிடம் பொறுங்கள்" என்பதைச் செய்யக்கூடாது. இரவில் திடீர்ப் பசியோடு வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் வந்தால் அது சீனி குறைந்ததன் அடையாளம். மானி இருந்தால் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், அல்லது மானியே இல்லை என்றால், உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியையோ குளுக்கோசையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடி குடியுங்கள். தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். எடை குறைக்கும் ஆசையில் இந்த மருந்துகளைப் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டை விடுவது உயிரோடு விளையாடுவது. சாப்பாட்டைக் குறைக்க முதல் வைத்தியரிடம் கேளுங்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணித் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் தாங்களாகப் பட்டினி கிடக்கக்கூடாது.

சோதித்துப் பார்க்காதவர்கள் போய்ச் சோதியுங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எடை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். மந்திகைக்குப் போகும்போது விசாரியுங்கள்.

யாரையும் "குண்டு" என்று பகிடி பண்ணாதீர்கள். வெட்கப்படுத்தினால் ஆட்கள் ஒளித்துச் சாப்பிடுவார்கள், ஒளித்துச் சாப்பிடுவது இரவில்தான் நடக்கும். நாளைக்கு ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: காலையில் ஒரு முட்டை, பின்னேரம் நாலரைக்கு ஒரு கிண்ணம் கடலை. ஒரு கிழமை கழித்துப் பத்து மணிப் பசி எப்படி என்று கீழே எழுதுங்கள். உங்களுக்குப் பலித்த வழி வேறு இருந்தால் அதையும் எழுதுங்கள், நாங்கள் ஐந்து பேரும் வாசிப்போம்.

எல்லோருக்கும் நல்ல சுகத்தையும் நல்ல தூக்கத்தையும் இறைவன் தரட்டும்.